மலையை விடக் காத்துதான் மோசம்: லான்சரோட்டே அயர்ன்மேனில் 180 கிலோமீட்டர்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம். பேச்சு வழக்கை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு வந்த கேள்விகளில் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. "எல்லா ஊர் அயர்ன்மேனும் ஒரே தூரம்தானே? 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். அப்புறம் ஏன் லான்சரோட்டேன்னு சொன்னா மட்டும் சீனியர்ஸ் எல்லாரும் ஒரு மாதிரி சிரிக்கிறாங்க?"

நியாயமான கேள்வி. நான் அந்த ரேஸை ஓட்டி முடிச்சவன்ங்கிறதால, இந்த எபிசோட் முழுக்க அதுக்கான பதில். பாதிப் பதில் பௌதிகம், மீதிப் பாதி வயிறு. கால்குலேட்டர் பக்கத்துல இருந்தா நல்லது, இல்லைன்னாலும் பரவாயில்லை, கணக்கை நானே போட்டுட்டேன்.

முதல்ல இடத்தைச் சொல்லிடறேன். லான்சரோட்டே ஸ்பெயினுக்குச் சொந்தமான கனேரித் தீவுகளில் ஒன்று. ஆனா வரைபடத்தில் பார்த்தா ஸ்பெயின் எங்கேயோ இருக்கு, மொராக்கோ கடற்கரைதான் கிட்ட, சுமார் 125 கிலோமீட்டர். தீவின் பரப்பளவு ஏறக்குறைய 846 சதுர கிலோமீட்டர். இப்போதைய சென்னை மாநகராட்சி எல்லையைப் போல ரெண்டு மடங்குன்னு வச்சுக்கோங்க. 1730-லிருந்து 1736 வரைக்கும், ஆறு வருஷம், இங்கே எரிமலை வெடித்துக்கொண்டே இருந்தது. தீவோட ஒரு பெரிய பகுதி லாவாவுக்கு அடியில் போயிடுச்சு. அதனால இன்னைக்கும் பல இடத்துல மரம் கிடையாது. கறுப்புக் கல், செம்மண் நிறத்துல எரிமலைக் கூம்புகள், வெள்ளையடிச்ச வீடுகள், அவ்வளவுதான். பார்க்க அழகு. சைக்கிள்ல போறவனுக்கு ஒரே ஒரு பிரச்சினை: காத்தைத் தடுக்க எதுவுமே இல்லை.

அந்தக் காத்து புயல் கிடையாது, விபரீதமும் கிடையாது. வடகிழக்கு வணிகக் காற்று. ஸ்கூல் புவியியல்ல படிச்சோமே, அதேதான். அசோர்ஸ் தீவுகள் பக்கம் அட்லாண்டிக் மேல ஒரு உயரழுத்த மண்டலம் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து கிளம்புற காத்து வடகிழக்கிலிருந்து இந்தத் தீவுகள் மேல வருஷத்துல பெரும்பாலான நாள் வீசும், கோடையில இன்னும் பலமா. ரேஸ் வழக்கமா மே மாசத்துல.

அங்கே லா ஹேரியான்னு ஒரு திராட்சைத் தோட்டப் பகுதி இருக்கு. காத்து எப்படிப்பட்டதுன்னு அதைப் பார்த்தாலே தெரியும். நம்ம ஊர்ல கம்பம் பக்கம் போனா பந்தல் போட்டுத் திராட்சை வளர்ப்பாங்க. இங்கே ஒவ்வொரு கொடிக்கும் எரிமலைச் சாம்பல்ல புனல் மாதிரி ஒரு பள்ளம் தோண்டி, அதோட விளிம்புல அரை வட்டமா ஒரு கல் சுவர் கட்டியிருக்காங்க. பள்ளம், அடியில இருக்கிற மண்ணை வேர் எட்டிப் பிடிக்க. சாம்பல், ராத்திரி ஈரத்தைப் பிடிச்சு வைக்க. சுவர், காத்துக்கு. ஆயிரக்கணக்கான பள்ளம், ஆயிரக்கணக்கான குட்டிச் சுவர். ஒவ்வொரு செடிக்கும் தனித்தனியா சுவர் கட்டுற அளவுக்கு ஒரு ஊர்ல காத்து இருக்குன்னா, நாம கார்பன் சைக்கிள் எடுத்துட்டுப் போய் பெருசா ஒண்ணும் சாதிச்சுட முடியாது.

இந்தத் தீவுல 1992-லிருந்து அயர்ன்மேன் நடக்குது. கென்னத் காஸ்க்ங்கிற டேனிஷ்காரர் தொடங்கி வச்சது, கிளப் லா சாண்டாங்கிற விளையாட்டு ரிசார்ட் நடத்துது. சைக்கிள் பாதை வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் மாறும், ஆனா எலும்புக்கூடு அதேதான். தெற்கே புவெர்ட்டோ டெல் கார்மென்ல கிளம்பி, டிமான்ஃபாயா எரிமலைப் பூங்காவைக் கடந்து, ஃபமாரா கடற்கரைப் பக்கம் போய், டெகீசே, ஹரியா, வடக்கு முனையில மிராடோர் டெல் ரியோ, அங்கேயிருந்து திரும்ப தெற்கே. மொத்த ஏற்றம் சுமார் 2,500 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து கிளம்பி ஏறக்குறைய தொட்டபெட்டா உச்சிக்குப் போற உயரம். தீவோட ஆக உயரமான புள்ளியே 670 மீட்டர்தான். ஆக, இந்த 2,500-ஐ ஏறி இறங்கி, ஏறி இறங்கித்தான் சேர்க்கணும்.

சரி, இப்போ என்ன பணயம்னு பார்ப்போம். வழக்கமான அயர்ன்மேன் கட்-ஆஃப் இப்படி: நீச்சல் 2 மணி 20 நிமிஷத்துக்குள்ள, சைக்கிளை ரேஸ் ஆரம்பிச்சதிலிருந்து 10 மணி 30 நிமிஷத்துக்குள்ள, மொத்தம் 17 மணி நேரத்துக்குள்ள. ஒரு நிமிஷம் தாண்டினாலும் நம்பரைக் கழட்டி வாங்கிடுவாங்க. ஒன்றரை வருஷப் பயிற்சி, விசா, டிக்கெட், சைக்கிள் பெட்டிக்கு ஏர்லைன்ஸ்காரங்க வாங்கின காசு, எல்லாம் அந்த ஒரு நிமிஷத்துல போயிடும்.

என்னை மாதிரி நடுத்தர ஆளுக்கு நீச்சல் ஒன்றரை மணி நேரம் ஆகும். உடை மாத்தி சைக்கிளை எடுக்க ஒரு பத்து நிமிஷம். மீதி இருப்பது சுமார் 8 மணி 50 நிமிஷம். 180-ஐ வகுத்துப் பாருங்க: மணிக்கு 20.4 கிலோமீட்டர். "என்ன மச்சான், ஈசிஆர்ல நான் 30-ல போவேன்!" அப்படித்தான் எல்லாருக்கும் தோணும். இங்கேதான் கணக்கு மாறுது.

முதல்ல மேடு. நான், சைக்கிள், பாட்டில் எல்லாம் சேர்த்து 80 கிலோ. அந்த எடையை 2,500 மீட்டர் தூக்கறதுக்கு மட்டும் ஆகுற வேலை சுமார் 1,960 கிலோஜூல். நாள் முழுக்க நான் தாங்கக்கூடிய சக்தி 150 வாட். அந்த வேகத்துல இந்த வேலையை முடிக்க 3 மணி 38 நிமிஷம். காத்தைக் கிழிக்க, டயர் உராய்வைச் சமாளிக்க ஒரு வாட் கூடச் செலவு பண்ணாம, வெறும் தூக்குற கூலி மட்டுமே மூன்றரை மணி நேரத்துக்கு மேல. "இறங்கும்போது திரும்பக் கிடைக்குமே?" கொஞ்சம் கிடைக்கும். ஆனா இறக்கத்துல 50, 60-ல போகும்போது அந்தச் சக்தியில பெரும்பகுதியைக் காத்து தின்னுடும். கொண்டை ஊசி வளைவு வந்தா மிச்சத்தை பிரேக் தின்னுடும்.

மேட்டுல ஒரு நல்ல குணம் உண்டு: கண்ணுக்குத் தெரியும். ஒரு முடிவு இருக்கும். ஏலகிரியில 14 வளைவு, எண்ணிக்கிட்டே ஏறலாம். காத்துக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது.

இந்த இடத்துல கொஞ்சம் நிதானமாக் கேளுங்க, ஏன்னா ரேஸோட சாரமே இதுதான். அதே 80 கிலோ, அதே 150 வாட், சமதளம், காத்தே இல்லை: சுமாரா 31 கிலோமீட்டர் வேகம் வரும். இப்போ 30 கிலோமீட்டர் வேகத்துல நேர் எதிர்க்காத்து அடிக்குதுன்னு வச்சுக்கோங்க. அதே 150 வாட்டுக்கு வேகம் 16. அதே காத்து முதுகுல அடிச்சா 52.

"அட, 16-ம் 52-ம் கூட்டி ரெண்டால வகுத்தா 34, நமக்கு லாபம்தானே?" இல்லை. 20 கிலோமீட்டர் எதிர்க்காத்துல போய், 20 கிலோமீட்டர் பின்காத்துல திரும்புறோம். போக 75 நிமிஷம், வர 23 நிமிஷம், மொத்தம் 98. காத்தே இல்லாத நாள்ல அதே 40 கிலோமீட்டருக்கு 77 நிமிஷம்தான். 21 நிமிஷம் காணோம். காரணம் ரொம்ப எளிமை. மெதுவாப் போற இடத்துல நாம அதிக நேரம் இருக்கோம், வேகமாப் போற இடத்துல கொஞ்ச நேரம்தான் இருக்கோம். காத்து கொடுக்கறதை 23 நிமிஷம் கொடுக்கும், எடுக்கறதை 75 நிமிஷம் எடுக்கும். கந்துவட்டிக்காரன் மாதிரி.

அதோட காற்றுத் தடையோட விசை, நம்ம மேல மோதுற காத்து வேகத்தோட இருமடிக்கேற்ப ஏறும். வேகம் ரெண்டு மடங்கானா தடை நாலு மடங்கு. அதனால எதிர்க்காத்துல "இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்ப்போம்"னு அழுத்தினா, கூடுதலாக் கொடுக்குற சக்திக்கு ஏத்த வேகம் திரும்பி வராது. பக்கத்துல யாராவது தடிமனா ஒருத்தர் போனா பின்னாடி ஒளிஞ்சுக்கலாமேன்னு நினைக்காதீங்க. இந்த ரேஸ்ல டிராஃப்டிங் கிடையாது. முன்னாடி போற சைக்கிள்லேர்ந்து 12 மீட்டர் தள்ளித்தான் இருக்கணும். மோட்டார்பைக்ல நடுவர் சுத்திக்கிட்டே இருப்பார், அட்டை நீட்டினா அஞ்சு நிமிஷம் ஓரமா நிக்கணும்.

ஆக, இந்த மாதிரி பாதையில வேகத்தை வச்சு ஓட்டவே முடியாது. உழைப்பை வச்சுத்தான் ஓட்டணும். என் கம்ப்யூட்டர்ல வேகம் காட்டுற கட்டத்தையே எடுத்துட்டேன். திரையில மூணே மூணு எண்: வாட், இதயத் துடிப்பு, கடிகார மணி. ஒரு மணி நேரம் முழு மூச்சா ஓட்டினா என்னால தாங்கக்கூடியது 215 வாட். அயர்ன்மேனுக்குப் பெரும்பாலான அமெச்சூர்கள் அதில் 65-லிருந்து 75 சதவீதத்துக்குள்ள இருப்பாங்க. எனக்கு அது 150. மேட்டுலயும் எதிர்க்காத்துலயும் கொஞ்சம் ஏத்திக்கலாம், இறக்கத்துலயும் பின்காத்துலயும் இறக்கிக்கலாம். நேரம் அதிகம் செலவாகுற இடத்துல போட்ட காசுக்குத்தான் பலன் அதிகம், அதனால கோட்பாடும் அதைத்தான் சொல்லுது. "கொஞ்சம்"ங்கிற வார்த்தையைத்தான் எல்லாரும் மறந்துடறாங்க. நான் மேட்டுக்கு வச்சிருந்த உச்சவரம்பு 180. அதுக்கு மேல போனா கியரைக் குறைப்பேன், கியர் தீர்ந்துட்டா வேகத்தைக் குறைப்பேன், பாட்டி ஒருத்தங்க தாண்டிப் போனாலும் பரவாயில்லை. உண்மையிலேயே போனாங்க, அறுபது வயசுப் பிரிவு. கையாட்டிட்டுப் போனாங்க.

கியர் பத்தி ஒரு வார்த்தை, கடைக்காரங்க இதைச் சொல்ல மாட்டாங்க. முன்னாடி 34 பல், பின்னாடி 32 பல் இருந்தா, 9 கிலோமீட்டர் வேகத்துல ஏறும்போதும் நிமிஷத்துக்கு 70 சுத்து மிதிக்கலாம். ஈசிஆருக்கு வாங்கின 39-க்கு 25 சைக்கிளை அப்படியே எடுத்துட்டுப் போனீங்கன்னா, அதே வேகத்துல 48 சுத்துதான் வரும். ஒவ்வொரு சுத்தும் ஜிம்ல லெக் பிரஸ் பண்ற மாதிரி. அப்படி நாலு மணி நேரம் மிதிச்ச தொடையை வச்சுக்கிட்டு மாரத்தான் ஓடணும்.

சரி, ரேஸ் அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். நீச்சல் பிளாயா கிராண்டே கடற்கரையில, ரெண்டு சுத்து. மெரினாப் பக்கத்துக் கடல் 29 டிகிரின்னா இங்கே 19, 20 டிகிரி. வெட்சூட் போடுவோம், அது மிதக்க உதவும். என்னோட நேரம் 1 மணி 31 நிமிஷம். வேறு சொல்ல ஒண்ணும் இல்லை, உதை வாங்கினேன், உதைச்சேன்.

சைக்கிள்ல முதல் சோதனை டிமான்ஃபாயா. நேரான ரோடு, ரெண்டு பக்கமும் கறுப்பு லாவா, முகத்துல காத்து. கண்ணுக்கு அது மேடு மாதிரியே தெரியாது, லேசான சரிவு. 150 வாட் போட்டும் சைக்கிள் நகர மாட்டேங்குது. பக்கத்துல போறவங்க எல்லாம் டயர் பஞ்சரா, பிரேக் உரசுதான்னு குனிஞ்சு குனிஞ்சு பார்த்தாங்க. பிரேக் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, காத்துதான்.

டெகீசே தாண்டி லாஸ் வாலியெஸ் பக்கம் ஏறும்போது ரோட்டோரத்துல காற்றாலைகள் வரும். முப்பந்தல் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், காற்றாலையை எங்கே வைப்பாங்கன்னு. கால் வலிக்கும்போது தலைக்கு மேல அந்த இறக்கைகள் சுத்துற சத்தம் கேட்டா வர்ற கடுப்பு தனி. மேல ஏறக்குறைய 600 மீட்டர் உயரம் வரை ஏறிட்டு, கொண்டை ஊசி வளைவுகளில் ஹரியாவுக்கு இறக்கம். பேரீச்சை மரங்கள் நிறைஞ்ச பள்ளத்தாக்கு அது. ரசிக்க நேரம் இல்லை, ஏன்னா ஒவ்வொரு வளைவிலும் காத்து வேற திசையிலிருந்து வருது.

பக்கக் காத்து வேற ஒரு பாடம். எதிர்க்காத்து மெதுவாக்கும், பக்கக் காத்து கீழே தள்ளும். மலைக்கு நடுவுல ஒரு இடைவெளி வந்தா, ஒடுக்கமான சந்துல காத்து வேகம் எடுக்கற மாதிரி, திடீர்னு ஒரு அடி விழும். உயரமான விளிம்பு வச்ச சக்கரம், அதுவும் முன் சக்கரம், பாய்மரம் மாதிரி திரும்பிடும். அதனால முன்னாடி தாழ்வான விளிம்பு வச்ச சக்கரம்தான் போட்டிருந்தேன். நேரக் கணக்குல ஒரு சில நிமிஷம் நஷ்டம், உசுருக்கு லாபம். காத்து தள்ளும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கத்தான் மனசு சொல்லும். இறுக்கினா உடம்போட ஆட்டம் எல்லாம் ஹேண்டிலுக்குப் போகும். முழங்கையைத் தளர விட்டு, ஏரோ கம்பியிலிருந்து கையை எடுத்து பிரேக் பக்கம் வச்சு, மிதிச்சுக்கிட்டே இருந்தா சைக்கிள் தானா நேராகும்.

பெரிய முடிவு எடுக்க வேண்டிய இடம் வடக்கு முனை, மிராடோர் டெல் ரியோ. செசார் மன்ரிக்கேங்கிற தீவோட பேர்போன கலைஞர் பாறைக்குள்ள அமைச்ச பார்வை மாடம். சுமார் 475 மீட்டர் உயரத்துலேர்ந்து பார்த்தா கீழே கடல், அந்தப் பக்கம் லா கிராசியோசா தீவு. அங்கே நான் நிமிர்ந்து மணி பார்த்தேன். மனசுக்குள்ள வகுத்துப் பார்த்தா சராசரி வேகம் 19.8. கட்-ஆஃபுக்குத் தேவை 20.4. அதாவது அந்த நிமிஷத்துல, கணக்குப்படி, நான் வெளியே போற ஆள்.

என் முன்னாடி போன ரெண்டு பேர் அங்கேயிருந்து எழுந்து நின்னு மிதிக்க ஆரம்பிச்சாங்க. பயம் எனக்கும் இருந்துச்சு. ஆனா மேல்கம்பியில ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்தேன். அதுல சராசரி வேகம் எழுதலை. ஊர்ப் பேரும் கடிகார மணியும் மட்டும்: டிமான்ஃபாயா இத்தனை மணி, டெகீசே இத்தனை மணி, மிராடோர் இத்தனை மணி. பெஸ்ட் பைக் ஸ்பிளிட் மாதிரியான தளங்களில் நம்ம எடை, வாட், பாதை, காத்தோட திசை எல்லாம் கொடுத்தா இந்த மாதிரி கணிச்சுக் கொடுத்துடும். அந்த டேப்படி மிராடோருக்கு நான் நாலு நிமிஷம் முன்னாடியே வந்திருந்தேன். ஏன்னா இந்தப் பாதையில கஷ்டமெல்லாம் முன்பாதியில குவிஞ்சிருக்கு. வடகிழக்குக் காத்தை எதிர்த்து வடக்கே வந்தாச்சு, மேடும் பெரும்பகுதி ஏறியாச்சு. இனி தெற்கே. முதுகுல காத்து. காத்து எடுத்ததை முழுசாத் திருப்பிக் கொடுக்காதுன்னு சொன்னேன் இல்லையா, ஆனா கொடுக்கறது எல்லாத்தையும் இங்கேயிருந்துதான் கொடுக்கும். பாதியில சராசரியைப் பார்த்து முடிவெடுத்தா தப்பான முடிவுதான் வரும்.

அதனால 150-லேயே இருந்தேன். அரியேட்டா நோக்கி இறங்கின இறக்கத்துல மிதிக்காமலே 50-ஐத் தாண்டுச்சு. அதுக்கப்புறமும் மேடு வந்துச்சு, அடங்கி ஏறினேன். மொத்தம் 8 மணி 14 நிமிஷம். சைக்கிளை ஒப்படைச்சப்போ ரேஸ் கடிகாரத்துல 9 மணி 56 நிமிஷம். கட்-ஆஃபுக்கு 34 நிமிஷம் பாக்கி.

எங்க பயிற்சி குரூப்ல இருந்து ஒரு அண்ணாவும் அதே ரேஸ்ல இருந்தார். என்னை விட எல்லா வகையிலும் பலசாலி. பேர் சொல்லலை, இந்தக் கதையைச் சொல்ல அவரே அனுமதி கொடுத்தார். சைக்கிளை 7 மணி 20 நிமிஷத்துல முடிச்சுட்டார். ஒவ்வொரு மேட்டுலயும் 250 வாட், "சும்மா அஞ்சு நிமிஷம்தானே"ன்னு. 5 சதவீத மேட்டுல 150 வாட்டுக்கு 12 கிலோமீட்டர் வேகம், 250-க்கு 18-க்கு மேல. ஒரு 5 கிலோமீட்டர் மேட்டுல 9 நிமிஷம் மிச்சம். அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன், கண்ணு முன்னாடி 9 நிமிஷம் கிடக்கு. பில் வந்தது ஓட்டத்துல. 30-வது கிலோமீட்டர்ல வயிறு எதையும் ஏத்துக்காம உட்கார்ந்துட்டார். என்னை விட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னாடி சைக்கிளை முடிச்சவர், பதக்கம் இல்லாம ரூமுக்குத் திரும்பினார்.

ஏன்னு பார்க்கலாம். உடம்புல சேமிச்சு வைக்கக்கூடிய கிளைகோஜன் சுமார் 2,000 கலோரி. 150 வாட்ல மணிக்கு ஏறக்குறைய 540 கலோரி செலவாகுது. எட்டு மணி நேரத்துக்கு 4,000-ஐத் தாண்டிடும், மாரத்தான் இன்னும் தொடங்கவே இல்லை. கொழுப்பு ஒரு பங்கு தரும், வாய் வழியா மணிக்கு 60-லிருந்து 90 கிராம் மாவுச்சத்து உள்ளே போகலாம். உழைப்பு ஏற ஏறக் கொழுப்போட பங்கு குறைஞ்சு கிளைகோஜன் பங்கு கூடும். 250 வாட்ல போற ஒவ்வொரு அஞ்சு நிமிஷமும் அந்த 2,000-லிருந்துதான் அதிகமா எடுக்கும். கூடவே ரத்தம் முழுக்கக் காலுக்கு ஓடும், வயித்துக்குக் குறையும். அப்போ போட்ட ஜெல் எல்லாம் வயித்துக்குள்ளேயே நிக்கும்.

சாப்பாட்டுல காத்து இன்னொரு வேலையும் பண்ணும். நிறையப் பேர் "20 கிலோமீட்டருக்கு ஒரு ஜெல்"னு கணக்கு வச்சிருப்பாங்க. சமதளத்துல அது 40 நிமிஷம். எதிர்க்காத்துல அதே 20 கிலோமீட்டர் 75 நிமிஷம்! பசி கிலோமீட்டர் பார்த்து வராது. நான் கடிகாரத்துல 20 நிமிஷத்துக்கு ஒரு மணியடி வச்சிருந்தேன். அடிச்சா சாப்பிடணும், நல்ல இடமா வந்தா. கொண்டை ஊசி வளைவுல அடிச்சா ரெண்டு நிமிஷம் கழிச்சு.

அப்புறம் வேர்வை. சென்னையில ஓட்டினா முழங்கையிலிருந்து சொட்டும், "தண்ணி குடி"ன்னு உடம்பே சொல்லிடும். லான்சரோட்டேல காத்து வேர்வையை உடனே காய வச்சுடும். தோல் வறண்டே இருக்கும், வெயிலும் சுடற மாதிரி தெரியாது. ஆனா நீர் போய்க்கிட்டேதான் இருக்கும். சாயங்காலம் பார்த்தா என் கறுப்பு டிரஸ் முழுக்க உப்பு வெள்ளையாப் படிஞ்சிருந்துச்சு. அதனால தாகத்துக்காகக் காத்திருக்காம, உப்புக் கலந்த பானத்தையும் கடிகாரம் பார்த்துத்தான் குடிச்சேன். வெறும் தண்ணியைக் குடம் குடமாக் குடிக்கறதும் ஆபத்துதான், ரத்தத்துல சோடியம் இறங்கிடும்.

ஓட்டம் புவெர்ட்டோ டெல் கார்மென் கடலோரப் பாதையில. விமான நிலையத்தோட ஓடுபாதை பக்கத்துலயே போகும், தலைக்கு மேல விமானம் இறங்கும், ஓட்டல் பால்கனியிலிருந்து டூரிஸ்ட்டுகள் கையில பியரோட கத்துவாங்க. நான் உதவி மேடை வந்தா நடப்பேன், தாண்டினா ஓடுவேன், கடைசி வரைக்கும் அதே. மாரத்தான் 5 மணி 20 நிமிஷம், மொத்தம் 15 மணி 25 நிமிஷம். யாரும் இதை வச்சுப் பேனர் அடிக்கப் போறதில்லை. ஆனா 34 நிமிஷ இடைவெளியோட சைக்கிளை முடிச்சவனுக்கு, ஓட்டத்துல ஒன்றரை மணி நேரம் கையில மிச்சம் இருந்துச்சு, ஏன்னா கால் இன்னும் கால் மாதிரி இருந்துச்சு.

இன்பாக்ஸ்ல வந்த கடைசிக் கேள்வி: "ப்ரோ, சென்னை தட்டை. மலைக்கு எங்கே போறது?" லீவு கிடைச்சா ஏலகிரி, ஏற்காடு. கொல்லிமலையில 70 வளைவு, அது ஒரு முறை போனாலே போதும். ஆனா நம்மகிட்ட இலவசமா ஒண்ணு இருக்கு: ஈசிஆர்ல கடல் காத்து. பகல் ஏற ஏறப் பலமா அடிக்கும், அதனாலதான் எல்லாரும் விடிகாலையில ஓட்டி முடிச்சுட்டு டிபன் சாப்பிடப் போயிடறாங்க. மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு வேணும்னே லேட்டாக் கிளம்புங்க, தண்ணியும் தொப்பியும் ஜாக்கிரதையா வச்சுக்கிட்டு. காத்தை எதிர்த்து ஒரு மணி நேரம், உட்கார்ந்த நிலையை மாத்தாம, வேகத்தைப் பார்க்காம, சொன்ன வாட்ல. வீட்டுல டிரெய்னர் இருந்தா முன் சக்கரத்துக்குக் கீழே ரெண்டு செங்கல் வச்சு, 60 சுத்துல 20 நிமிஷம் மூணு தடவை. கோவாவுல 2019-லிருந்து நடக்கற பாதித் தூர ரேஸ், அந்த 70.3-ஐ முதல்ல ஒரு தடவை போட்டுப் பாருங்க, சாப்பாட்டுக் கணக்கு உங்க வயித்துக்கு ஒத்துவருதான்னு அங்கேயே தெரிஞ்சுடும். லான்சரோட்டேக்கான சைக்கிள் பெட்டி, விசா, வாடகைக்குச் சக்கரம் பத்தின கேள்விகளை எல்லாம் அடுத்த எபிசோட்ல எடுத்துக்கறேன், அதுக்குள்ள உங்க பின்சக்கரத்துல எத்தனை பல் இருக்குன்னு எண்ணி வைங்க.